அடுக்குக் கேக் ஏறும் வண்டி

ஐம்பத்தோரு கிலோ. பேக்கரிக் கிடங்கில் மாவு மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்று பார்த்த எடை இது. காலில் ஷூவும் சட்டைப்பையில் போனும் இருந்ததால் அதிலும் ஒரு கிலோ கழிக்க வேண்டும் என்பது அவருடைய மாமியாரின் கருத்து. வயது நாற்பத்திரண்டு. கடையில் எல்லோருக்கும் அவர் குச்சி. முதலாளியம்மாவுக்குக் குச்சி, அடுப்புப் பக்கம் நிற்பவர்களுக்குக் குச்சியண்ணன். தன் பிழைப்பைக் கெடுப்பது இந்த எடைதான் என்பது பல மாதங்கள் அவருக்குத் தெரியாது. வேறொருவர் கெடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வேறொருவரின் எடை தொண்ணூற்று மூன்று.

குச்சிக்கு வேலை, மோட்டார்சைக்கிளில் கேக் கொண்டுபோய்க் கொடுப்பது. பதினோரு வருடமாகச் செய்கிறார். வண்டி அவருடையது. பின் சீட்டின்மேல் கழற்றி மாட்டும்படி ஒரு பெட்டி. அதற்குள் நான்கு பக்கமும் பஞ்சு, அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு. ஒற்றைக் கேக்கை யார் வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். இரண்டடுக்கு, மூன்றடுக்கு என்றால் கடையில் நடைமுறையே வேறு. முதலாளியம்மா எழுந்து வாசல்வரை வருவார். கண்ணாடிக் கதவை ஒருவர் பிடித்துக்கொள்வார். மற்ற வண்டிகள் ஓரம் ஒதுங்கும். போய்ச் சேர்ந்த இடத்தில் கேக்கோடு சேர்த்துக் கொண்டுவந்தவரையும் நிற்கவைத்துப் படம் எடுப்பார்கள். ஒன்பது வருடம் அந்தப் படங்களில் எல்லாம் குச்சிதான் நின்றார்.

அப்புறம் மெத்தை வந்தார். வயது இருபத்தெட்டு, பெயருக்கு ஏற்ற உடம்பு. குச்சி பழைய வண்டியை விற்று அப்போதுதான் புதிதாக வாங்கியிருந்த அதே கம்பெனி, அதே மாடல் வண்டி, நிறம் மட்டும் வேறு. வந்த மூன்றாம் மாதம் ஒரு நாள் குச்சியின் பெட்டியைத் திறந்தபோது இரண்டடுக்குக் கேக்கின் மேலடுக்கில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. அடுத்த வாரம் இன்னொன்று. முதலாளியம்மா திட்டவில்லை. “இந்த வாரம் மெத்தை எடுத்துட்டுப் போகட்டும், குச்சி. நீங்க கொஞ்சம் ஓய்வா இருங்க” என்று மட்டும் சொன்னார். அந்த ஓய்வு பதினைந்து மாதம் நீண்டது. ஒற்றைக் கேக்கும் பிஸ்கட் டப்பாவும் சுமக்கும் ஓய்வு.

இதுவரைக்கும் இது வேலையிடத்துப் பொறாமை. அதைத் தாங்கிக்கொண்டிருப்பார். ஆனால் அந்த அடுக்குக் கேக்குகளுக்குமேல் கிரீமில் ரோஜா வைப்பவர் அவருடைய மனைவி. நான்கு வருடமாக அலங்கார மேசை அவருடையது. ஒரு ரோஜாவுக்கு இருபது விநாடி. மூன்றடுக்கு என்றால் அறுபது எழுபது ரோஜா. விடியற்காலையில் மனைவி குனிந்து நின்று செய்ததை, மத்தியானம் இன்னொருவர் அலுங்காமல் கொண்டுபோய் இறக்கிவிட்டு, படம் எடுத்துக்கொண்டு, திரும்பி வந்து, “அக்கா, ஒரு இதழ்கூட நலுங்கல” என்று சொல்வதைக் கதவோரம் பிஸ்கட் டப்பாவோடு நின்று கேட்க வேண்டியிருந்தது. வேலைக்குச் சேர்ந்தபோது மெத்தை அவரை அண்ணே என்றுதான் கூப்பிட்டார். அலங்கார மேசையில் இருப்பவர் இவருடைய மனைவி என்று தெரிந்ததும், அவரை அக்கா என்பதால் இவர் மாமா ஆகிவிட்டார். அந்த ‘மாமா’ காதில் விழும்போதெல்லாம் குச்சிக்குப் பல் கூசியது.

வீட்டிலும் நிம்மதியில்லை. ஒரு நாள் சாப்பிடும்போது, பெரிய கேக் ஒன்று தூரமாகப் போயிருக்கிறது என்று பேச்சு வந்தது. “அவன் எடுத்துட்டுப் போனா எனக்குக் கவலையில்ல” என்றார் மனைவி. சாதாரணமாகத்தான் சொன்னார். குச்சி தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்தார்.

வண்டியில்தான் ஏதோ இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது அதற்குப் பிறகுதான். பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு ஷாக் அப்சார்பர். ஸ்பிரிங்கின் அடியில் ஒரு வளையம். அதில் ஐந்து படி. கொக்கி ஸ்பானரால் வளையத்தைத் திருப்பி ஒவ்வொரு படியாக ஏற்றினால் ஸ்பிரிங் இறுகும், இறக்கினால் தளரும். தெருமுனை மெக்கானிக் யோசிக்கவே இல்லை. லோடு போகிற வண்டி, இறுக்கித்தான் வைக்க வேண்டும் என்று சொல்லி இரண்டு பக்கமும் ஐந்தாம் படிக்கு ஏற்றிவிட்டார். மறுநாள் ஒரு பிறந்தநாள் கேக் போனது. பெட்டியைத் திறந்தால் குழந்தையின் பெயரில் இரண்டு எழுத்து கீழே கிடந்தது.

இனி ஒன்றுதான் வழி: எதிராளியின் வண்டியைப் பார்ப்பது. கடையின் பின்முற்றத்தில் மெத்தையின் வண்டி நிற்கும் நேரம் பார்த்து, குச்சி மண்டியிட்டு, போன் வெளிச்சத்தில் வளையத்தை ஆராய்ந்தார். இரண்டு பக்கமும் மூன்றாம் படி. கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிறது; மேலே வண்டி வாங்கிய நாளிலிருந்து ஒட்டிய சேறு காய்ந்து கல்லாகியிருந்தது. அதை யாரும் தொட்டதே இல்லை.

பின்னால் செருப்புச் சத்தம். “என்ன மாமா, எதாவது விழுந்துடுச்சா?”

“சாவி” என்றார் குச்சி. சாவி அவர் விரலில் தொங்கிக்கொண்டிருந்தது. மெத்தை அதைப் பார்த்தார். அவரும் குனிந்து கொஞ்ச நேரம் தேடிக்கொடுத்தார். அந்த நல்ல மனசுதான் குச்சியால் மன்னிக்க முடியாத விஷயம்.

அன்றே தன் வண்டியையும் மூன்றாம் படிக்கு இறக்கினார். ஐந்தைவிடத் தேவலை. ஆனாலும் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது பின்பக்கம் துள்ளியது. அதே வண்டி, அதே படி, அதே தெரு. அவனுக்கு மட்டும் எப்படி என்ற கேள்வி மூன்று நாள் அவரைத் தூங்கவிடவில்லை. நான்காம் நாள், வண்டி வாங்கியபோது கொடுத்து, பிரிக்காமலே டூல்ஸ் மூடிக்குள் கிடந்த கையேட்டை எடுத்துப் படித்தார். எழுபது கிலோ ஆளையும் பின்னால் ஓரளவு சுமையையும் மனதில் வைத்து ஸ்பிரிங் செய்திருக்கிறார்கள். மெல்லிய உடம்புக்காரர் தனியாக ஓட்டினால் முதல் படி. எந்தப் படியாக இருந்தாலும் முக்கியம் ஒன்றுதான்: ஓட்டுகிறவர் ஏறி உட்காரும்போது, ஸ்பிரிங் அமுங்கக்கூடிய மொத்த தூரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமுங்க வேண்டும். அந்த வண்டிக்கு அது சுமார் முப்பது மில்லிமீட்டர். மெத்தை ஒன்றும் செய்யாமலே அவ்வளவு அமுக்கினார். குச்சி உட்கார்ந்தால் ஸ்பிரிங்குக்குத் தெரியவே இல்லை.

“சாப்பிட்டுச் சாப்பிட்டே ஜெயிச்சிருக்கான்” என்று மனைவியிடம் சொன்னார். அதைச் சொல்லும்போது குரலில் இருந்தது கோபமா நிம்மதியா என்று மனைவிக்குப் புரியவில்லை.

அமுக்கத்தை அளக்க ஓட்டுகிறவரால் தனியாக முடியாது. உட்காருபவர் உட்கார வேண்டும், இன்னொருவர் வண்டி சாயாமல் முன்னாலிருந்து பிடிக்க வேண்டும், மூன்றாமவர் அளக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு, அவர்கள் குடியிருக்கும் கட்டடத்தின் கீழே வண்டிகள் நிற்கும் சிமெண்டுத் தளத்தில், குடும்பமே இறங்கியது. ஹேண்டிலைப் பிடிக்க மாமியார்: தபால் நிலையத்தில் முப்பது வருடம் முத்திரை குத்திய கை. அளக்க மனைவி: கேக் அடுக்கு மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கும் எஃகு அளவுகோலையே கொண்டுவந்திருந்தார். அரை மில்லிமீட்டர் வித்தியாசம்கூட அவர் கண்ணுக்குத் தப்பாது.

முதலில் பெரிய ஸ்டாண்டில் போட்டு, பின் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது, சக்கரத்தின் அச்சிலிருந்து சீட்டுக்குக் கீழே ஒட்டிய டேப்வரை அளந்தார்கள். ஐநூற்று இருபது. பிறகு ஸ்டாண்டை எடுத்துவிட்டு, ஹெல்மெட், ஜாக்கெட், ஷூ, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு குச்சி ஏறி உட்கார்ந்தார். வேலைக்குப் போகும்போது என்னென்ன இருக்குமோ அத்தனையும் உடம்பில் இருக்க வேண்டும், கால் இரண்டும் மேலே இருக்க வேண்டும். மாமியார் முன் சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு ஹேண்டிலைப் பிடித்தார்.

“மாப்பிள்ளை, ஏறிட்டீங்களா, இல்ல இனிமேதானா?”

மூன்றாம் படியில் பதினாறு மில்லிமீட்டர்தான் அமுங்கியது. முதல் படிக்கு இறக்கினார்கள், பத்தொன்பது. பெட்டியை மாட்டி, மூன்றடுக்குக் கேக்கின் எடைக்குச் சரியாக மாவுப் பொட்டலங்களை அடுக்கினார் மனைவி. பெட்டியோடு பதின்மூன்று கிலோ. மறுபடி உட்கார்ந்தார். மனைவி தரையில் முட்டிபோட்டு, கன்னம் ஏறக்குறைய டயரில் படும்படி குனிந்து படித்தார்.

“நானூத்தித் தொண்ணூத்திரண்டு. அப்ப இருபத்தெட்டு.”

பதினைந்து மாதத்தில் குச்சி அன்றுதான் சிரித்தார். ஹெல்மெட்டுக்குள் சிரித்ததால் யாருக்கும் தெரியவில்லை. இனிமேல் அவன் வண்டிக்கும் தன் வண்டிக்கும் வித்தியாசமே இல்லை, ஒரு இதழ் விழுகிறதா பார் என்றார்.

மனைவி எண்ணை எழுதிக்கொண்டே, “அவனுக்கு மட்டும் விழாதா என்ன? விழும். ஒட்டிக்குவான்” என்றார்.

“ஒட்டிக்குவான்னா?”

“ஜாக்கெட் பையில கிரீம் வெச்சிருப்பான். கேட்டுக்கு வெளிய நிறுத்தி, உடைஞ்ச இடத்துல புதுசா ஒண்ணு பிழிஞ்சு வெச்சிட்டு, அப்புறம்தான் மணி அடிப்பான்.”

“யாரு சொல்லிக் குடுத்தது?”

“நான்தான். அங்க வேற யாரு இருக்கா?”

குச்சி வண்டியிலிருந்து இறங்கவில்லை. இறங்கக் கூடாது என்று மனைவி முதலிலேயே சொல்லியிருந்தார். ஒரே அளவை இரண்டு தடவை எடுத்தால்தான் நம்பலாம். அதனால் அவர் கால்களை மேலே வைத்தபடி, மாமியாரின் முகத்துக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு, எப்போது, எத்தனை நாள் என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்தே கேட்டார். சாப்பாட்டு இடைவேளையில், பன்னிரண்டு நாள் என்று பின்னாலிருந்து பதில் வந்தது. ரோஜா வைக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி என்று அவருக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் ஒருமுறை விளையாட்டாக அவருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார் மனைவி.

“கையைப் பிடிச்சா?”

“பின்ன, காலையா?”

மாமியார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் ஹேண்டிலை விடவில்லை.

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“நீங்க கேட்டீங்களா? ஒரு நாளாவது உடைஞ்சதுன்னு வந்து சொன்னீங்களா? ரோடு சரியில்லன்னீங்க, வெயில்ன்னீங்க. அவன் உடைஞ்சதைப் போட்டோ எடுத்துட்டு வந்து, அக்கா இதை எப்படிச் சரி பண்றதுன்னு கேட்டான். சொன்னேன்.” அளவுகோலை மறுபடி வைத்தார். “நானூத்தித் தொண்ணூத்தஞ்சு. எப்படி மூணு மில்லி தூக்குச்சு? முன்னால சாயாதீங்க.”

“நான் சாயல.”

“சாயறாரும்மா” என்றார் மாமியார். “ஹேண்டிலை முறுக்கிப் பிழியறாரு. கோபத்துல உட்கார்ந்தா எடை முன்னாலதான் வரும். நீ கொஞ்சம் கழிச்சு அள.”

கொஞ்சம் கழித்து அளந்தார்கள். நானூற்றுத் தொண்ணூற்றிரண்டு. முதல் படி என்று முடிவானது. இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்கிறதா என்று சரிபார்த்தார்கள், டயரில் காற்று பார்த்தார்கள்.

சோதனை ஓட்டத்துக்கு, அடியில் கருகியதால் ஒதுக்கிய ஒரு கேக்கை மனைவியே அடுக்கி, ரோஜா வைத்துக் கொடுத்தார். பதினான்கு வேகத்தடை, ஒரு ரயில்வே கேட், தோண்டிப்போட்ட ஒரு தெரு. திரும்பி வந்து பெட்டியைத் திறந்தபோது, வைத்தது வைத்தபடி இருந்தது. ஒட்டாமல், மெழுகாமல். குச்சிக்கு அதைப் பார்த்து அழுகையே வந்தது. அது சந்தோஷத்தால் மட்டும் வந்ததல்ல. பதினைந்து மாதம் தன்னைவிட நன்றாக ஓட்டுகிறவன் என்று எவனைப் பார்த்து எரிந்தாரோ, அவன் நன்றாக ஓட்டியவனே அல்ல. கனத்தோடும் கிரீம் பையோடும் காலம் தள்ளியவன். அந்தப் பையைப் பிழியக் கற்றுக்கொடுத்ததும் தன் மனைவியே.

புதன்கிழமை முதலாளியம்மாவிடம் போய், அடுக்குக் கேக்கைத் திரும்பத் தனக்குத் தர வேண்டும் என்று கேட்டார். வண்டியை அளந்து வைத்த கதை முழுவதையும் சொன்னார். முதலாளியம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, நன்றாக நடக்கிற வேலையை எதற்கு மாற்ற வேண்டும் என்றார். அவர் கேட்டது நியாயம். அங்கேயே நிறுத்தியிருக்கலாம், ஒரு வாரம் கழித்து மறுபடி கேட்டிருக்கலாம். ஆனால் அலங்கார அறைக்கும் முதலாளியம்மா மேசைக்கும் நடுவில் கண்ணாடிதான். அதற்கு அந்தப் பக்கம் மெத்தை நின்று ஏதோ சொல்ல, மனைவி தலை நிமிராமல் சிரித்தார்.

“நல்லா நடக்கல மேடம்” என்றார் குச்சி. “உடையுது. வெளிய நின்னு ஒட்டித்தான் குடுக்கறான். சந்தேகம்னா ஜாக்கெட்டைப் பாருங்க.”

முதலாளியம்மா மெத்தையைக் கூப்பிட்டார். மெத்தை மறுக்கவில்லை. ஜாக்கெட்டின் உள்பையிலிருந்து, ஐஸ் பொட்டலத்தில் சுற்றிய கிரீம் பை, அதன் முனையில் மாட்டும் இரண்டு நாசில், ஒரு சின்னக் கத்தி என்று ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார். அடுப்புப் பக்கம் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். முதலாளியம்மா ஒரு எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்துவைத்து, பிழிந்து காட்டச் சொன்னார்.

முதல் ரோஜாவுக்கு நாற்பது விநாடி ஆனது. இரண்டாவது முப்பது விநாடி. மூன்றாவதை வைக்கும்போது மெத்தை எங்கே நிற்கிறோம் என்பதையே மறந்துவிட்டார். முதலாளியம்மா தட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எங்கே கற்றாய் என்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, “நான்தான் மேடம்” என்றார் குச்சியின் மனைவி.

குச்சி எதிர்பார்த்தது ஒரு கத்தல். முதலாளியம்மா கத்தவில்லை. “என்ன குச்சி, இதை இத்தனை நாள் சொல்லாம இருந்துட்டீங்க?” என்றார். “மேசைக்கு இன்னொரு கை வேணும்னு நான் நாலு ஊர்ல சொல்லி வெச்சிருக்கேன். உங்க வீட்டம்மாவும் எத்தனை நாளுக்குத்தான் தனியா நிப்பாங்க?”

பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. அடுக்குக் கேக் இனிக் குச்சிக்கு. மெத்தை வண்டி வேலையை விட்டு அலங்கார மேசைக்கு; காலை ஆறு முதல் மூன்று வரை, அக்காவுக்குப் பக்கத்தில். மெத்தை குச்சியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். மாமா சொல்லாவிட்டால் தனக்கு இது கிடைத்திருக்காது என்று அவர் சொன்னபோது கண் கலங்கியிருந்தது. கை முழுக்கக் கிரீம் வாசனை.

அன்று சாயங்காலம் பெட்டியைக் கடையில் கழற்றி வைத்துவிட்டு, மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார். இருவர் போவதற்கு முதல் படி போதாது, மூன்றாவதாவது வேண்டும். மாற்ற மறந்துவிட்டார். ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்பக்கம் முழுதாக அமுங்கி டங் என்று அடித்தது. எப்போதும் முதல் அடிக்கே முதுகில் குத்துகிற மனைவி அன்று சீட்டின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டில் கதையைக் கேட்ட மாமியார்தான் சொன்னார்: “ஸ்பிரிங்குக்கு அளவெடுத்தீங்க மாப்பிள்ளை, சரி. வாய்க்கும் எடுத்திருக்கலாம்.”

இரண்டு வாரமாக மேசையில் இருவர் நிற்கிறார்கள். பிஸ்கட் டப்பா எடுக்க இப்போது புதிதாக ஒருவர் வந்துவிட்டார். அதனால் குச்சிக்கு உள்ளே போக ஒரு நாளில் ஒரே ஒரு காரணம்தான் இருக்கிறது. அடுக்குக் கேக் தயாரானதும் கதவைத் திறப்பார்கள். அவர் போய் எடுத்துக்கொண்டு வெளியே வர வேண்டும். ரோஜாக்களில் எவை மனைவி வைத்தவை, எவை மெத்தை வைத்தவை என்று பெட்டியை மூடுவதற்குமுன் பார்க்கிறார். முதல் வாரம் கண்டுபிடிக்க முடிந்தது. இப்போது முடியவில்லை என்கிறார்.

வரும் ஞாயிறு அவருக்கு முதல் நான்கடுக்கு. இருபத்திரண்டு கிலோமீட்டர். பெட்டியோடு பதினெட்டுக் கிலோ வரும் என்பதால் படியை மாற்ற வேண்டியிருக்குமா என்று பார்க்க, சனிக்கிழமை மூன்றரை மணிக்கு மறுபடி அளவெடுக்கிறார்கள். மணிக்கட்டு வலிக்கிறது என்று மாமியார் வரமாட்டேன் என்றுவிட்டார். ஹேண்டிலைப் பிடிக்க மெத்தை வருகிறார், மனைவிதான் கூப்பிட்டிருக்கிறார்.